நடுவில் விட்ட இடம்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை காலையில் அந்தச் சுவரொட்டியைக் கண்டேன். குதிரைக்கு இடம் கேட்டு அறிவிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். சொல்லுக்கு நடுவில் இடம் விட்டு அச்சிட்டு, எங்கள் மலையூரான ரிங்லெட்டின் கடைத்தெருவில் நான்கு சுவர்களில் ஒட்டிவிட்டார்கள். என் முறையீடு இதுதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கற்பித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவனுக்கு இது சிறிய குறையன்று. ஆனால் குறையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னவனாவேன். ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குதிரையின் பெயர் சுக்கு. நிறத்தைப் பார்த்து என் மகள் ஷெர்லி வைத்த பெயர். அவள் திரிங்காப்பில் ஒரு பூப்பண்ணையில் வேலை செய்கிறாள். சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவர அங்கே இரண்டு பெண்குதிரைகள் உண்டு. அவற்றுள் ஒன்று ஈன்ற குட்டி இது. தாய்க்குப் பால் சரியாக ஊறாததால் ஷெர்லிதான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். "நீ வளர்த்தது, நீயே வச்சிக்க" என்று பண்ணை முதலாளியான தவுக்கே அதை அவளுக்கே கொடுத்துவிட்டார். அன்று அது நாய்க்குட்டியைப் போல அவள் பின்னால் திரிந்தது. இப்போது இரண்டு வயது. மே மாதத்தில் ஒரு நாள், பெண்குதிரையின் மேல் ஒரு குழந்தை அமர்ந்திருந்த வேளையில், சுக்கு கனைத்துக்கொண்டு வேலிப் பலகையை உதைத்து உடைத்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தவுக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஜூன் முடிவதற்குள் குதிரை வெளியேற வேண்டும்; இல்லையேல் சமவெளியிலிருந்து வரும் வியாபாரியிடம் அவரே பிடித்துக் கொடுத்துவிடுவார். அந்த வியாபாரி எதற்காகக் குதிரை வாங்குகிறார் என்று ஷெர்லி கேட்கவில்லை. கேட்கும் துணிவு அவளுக்கு இல்லை.

காயடித்துவிட்டால் அடங்கிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஈப்போவிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் பரிசோதித்து, இதன் விதைகளுள் ஒன்று இன்னும் கீழிறங்காமல் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாகவும், வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்பதாகவும், அந்த அறுவைக்கு டிசம்பரில்தான் நாள் கிடைக்கும் என்பதாகவும் சொன்னார். இன்று இதை இவ்வளவு நேராக எழுதுகிறேன். அன்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவே பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

"அவன எங்கப்பா கொண்டுபோறது?" என்றாள் ஷெர்லி.

"அதை என்று சொல். குதிரை அஃறிணை."

"சரி. அத எங்க கொண்டுபோறது?"

ஈப்போவில் குதிரை பராமரிக்கும் இரண்டு இலாயங்களைக் கேட்டோம். காயடிக்காததைச் சேர்ப்பதில்லை என்று இரண்டும் கைவிரித்தன. எங்கள் தோட்டத்துத் துரை மரியாதையாகவே பேசினார்: தேயிலைச் சரிவில் களைக்கு மருந்து அடிக்கிறார்கள், மேய்ந்து செத்தால் யார் பொறுப்பு? எனவே அறிவிப்பு ஒட்டுவது என்று முடிவு செய்து, ரிங்லெட்டில் உணவுக்கடை வைத்திருக்கும் முகம்மது கனியிடம் போனேன். கடை ஓரத்தில் அவருடைய மகள் சஃபியா நகலெடுக்கும் எந்திரம் ஒன்று வைத்து நடத்துகிறாள். என் பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவள்.

"வாத்தியாரே, குதிரைக்கு ஹோட்டல் தேடுறீங்களாம்" என்றார் கனி. "நம்ம மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு. ரொட்டி சானாய் சாப்பிடுமா?"

"இது விளையாட்டன்று, கனி."

"நான் எங்க வெளையாடுறேன்? படி ஏறுமான்னுதான் யோசிக்கிறேன். குடுங்கலா பேப்பர, சஃபியா அடிச்சுக் குடுத்துரும்."

நான் எழுதியிருந்தது இது: 'காயடிக்காத இளங்குதிரை ஒன்றுக்கு ஆறு மாதங்களுக்கு மேய்ச்சலிடம் தேவை. வேலி இருத்தல் வேண்டும். அருகில் பெண்குதிரை இருத்தல் கூடாது.' கீழே என் தொலைபேசி எண். கனி அதைப் படித்துவிட்டு, "ஆண் குதிரைன்னு போட்டா போதாதா சார்?" என்றார். காயடித்த குதிரையும் ஆண் குதிரைதான் என்று விளக்கி, அவருடைய திருத்தத்தை மறுத்தேன்.

சஃபியா முதற்சொல்லிலேயே நின்றாள். "சார், இது என்னா சொல்லு? காயடிக்காத."

கனி கல்லாப்பெட்டியைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "அகராதியைப் பார்" என்றேன்.

"ரொட்டிக் கடையில அகராதிக்கு எங்க சார் போவேன்? நீங்களே சொல்லுங்க."

"என்னிடம் படித்தவள்தானே? சொல்லைப் பிரித்துப் பார், பொருள் தானே விளங்கும்."

பிரித்து எழுதுக என்பது எங்கள் வகுப்பில் கிழமைதோறும் நடந்த பயிற்சி. அவள் அதில் முழு மதிப்பெண் வாங்கியவள். அன்றும் பிரித்தாள். திங்கட்கிழமை காலையில் நான் கண்ட சுவரொட்டி இப்படித் தொடங்கியது: 'காய் அடிக்காத இளங்குதிரை.'

"இது ஒரே சொல், சஃபியா. காயடி என்பது ஒரு வினை. நடுவில் இடம் விட்டால் பொருள் கெடும்."

"நீங்கதானே சார் பிரிச்சுப் பாக்கச் சொன்னீங்க. பிரிச்சுத்தான் போட்டேன்."

"பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பிரித்து அச்சிடவா சொன்னேன்?"

"ஒரு சின்ன கேப்புக்கு இவ்ளோ கோவமா சார்?" என்றார் கனி. "டீ குடிங்க, இன்னைக்கு இஞ்சி போட்டது."

நான் தேநீர் குடிக்காமல் வெளியே வந்தேன். பேனாவால் ஒரு சுவரொட்டியில் இரு சொற்களையும் வளைகோட்டால் இணைத்தேன்; அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சஃபியா அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொண்டாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இந்த மலையில் காய் பயிரிடுகிறவர்களின் பேச்சில், பன்றி வந்து காயை அடித்துவிட்டது என்றால் தின்று அழித்துவிட்டது என்று பொருள். குரங்கும் காய் அடிக்கும். பிறந்தது முதல் கேட்டுவரும் பேச்சு அது. எனக்கு மட்டும் அன்று அது நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் தொலைபேசி ஒலித்தது. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்து வடிவம்மாள் என்பவர் பேசினார். முட்டைக்கோசு பயிரிடுகிறவர். ரிங்லெட்டில் உரம் வாங்க வந்தபோது சுவரொட்டியைப் பார்த்தாராம்.

"காயடிக்காத குதிரைதானே சார்? நிச்சயமாவா?"

"நிச்சயம் அம்மா. மருத்துவரே பார்த்துச் சொன்னார்."

"இதுக்குக்கூட டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" சிறிது வியந்தார். "இப்படியே எத்தன மாசத்துக்கு இருக்கும்?"

"டிசம்பர் வரை இப்படியேதான் இருக்கும். அதன் பிறகு காயடித்துவிடும்படி சொல்லியிருக்கிறார்."

"டிசம்பருக்கு அப்புறம் அடிச்சா அடிச்சிட்டுப் போவட்டும். அதுக்குள்ள நான் வெட்டி லோரி ஏத்திருவேன். சனிக்கெழம விட்டு அடுத்த சனிக்கெழம கொண்டாங்க."

வாய்ப்பேச்சில் சொற்களுக்கு நடுவில் இடைவெளி கேட்பதில்லை. அவர் ஒன்றைக் கேட்டார். நான் மற்றொன்றைச் சொன்னேன். இருவரும் மெய்யே பேசினோம். ஒரு பெண்மணி இவ்வளவு கூச்சமின்றிப் பேசுகிறாரே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 15ஆம் நாள் சுக்குவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த நிலத்தைப் பார்த்ததும் ஷெர்லியின் முகம் மலர்ந்தது. 2013இல் சேறு வந்து மூடிய பகுதி அது. அதற்குப் பின் அங்கே காய் சரியாகப் பிடிக்கவில்லை. புல் மட்டும் முழங்காலளவு வளர்ந்து நிற்கிறது. பன்றிக்குப் பயந்து சுற்றிலும் தகரமும் கம்பியும் அடித்திருந்தார்கள். பக்கத்தில் எங்கும் பெண்குதிரை இல்லை. சுக்கு இறங்கி, தரையை முகர்ந்து, ஒரு முறை புரண்டு எழுந்து மேயத் தொடங்கியது.

"அவனுக்குப் புடிச்சிருச்சுப்பா" என்றாள் ஷெர்லி. நான் திருத்தவில்லை.

வடிவம்மாள் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்; காலில் நீளமான ரப்பர் காலணி, தலையில் துண்டு. அவர் நேரே போய், புல்லுக்கும் முட்டைக்கோசுப் பாத்திக்கும் இடையிலிருந்த கதவின் கம்பியை அவிழ்த்தார்.

"இத தொறந்தே வச்சிரலாம் சார். வரப்புல உள்ள புல்லையும் மேயட்டும், எனக்கு ஒரு ஆள் வேல மிச்சம். கோபிஸ் பக்கம் அது போவாதுல்ல. காயடிக்காத சாதிதானே."

அப்போதுதான் விளங்கியது. சுவரொட்டியில் இருந்த அந்த இடைவெளி என் கண்முன் திறந்து கிடந்தது, ஒரு கதவின் அகலத்துக்கு.

உண்மையைச் சொல்கிறேன்: முதலில் என் நினைவுக்கு வந்தது நேர்மையன்று. 'பழகாத இடம், ஒரு வாரம் கதவு மூடியிருக்கட்டும்' என்று சொன்னால் போதும். அவர் மூடிவிடுவார். சுக்கு தங்கிவிடும். ஒரு வாரம் கழித்து வேறொரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. என் பக்கம் இலக்கணம் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் சஃபியாவின் எந்திரத்தின் மேல் கிடக்கும். ஆனால் அந்தத் தாளை நினைத்தபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு 'நீங்களே சொல்லுங்க' என்று கேட்ட பெண்ணும் நினைவுக்கு வந்தாள். சொல்லின் பொருள் தெரியாமல் கேட்டவளுக்கு ஆசிரியன் சொல்லாமல் விட்டான். பிழை அச்சில் தொடங்கவில்லை.

"கதவை மூடுங்கள் அம்மா" என்றேன். "சுவரொட்டியில் இருப்பது ஒரே சொல். அதைப் பெயரெச்சமாகக் கொண்டால்..."

"சார், தமிழ்ல சொல்லுங்க."

ஷெர்லி தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. "இந்தக் குதிரைக்கு விதை எடுக்கவில்லை. சொல்லின் பொருள் அதுதான். காய்கறி எல்லாம் தின்னும். காரட் என்றால் உயிரையே கொடுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். குதிரையைப் பின்பக்கமாகக் குனிந்து பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "அப்ப டிசம்பர்ல அடிக்கச் சொன்னார்னு சொன்னது..."

"அதைத்தான்."

வடிவம்மாள் உர மூட்டையின் மேல் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கதவின் கம்பியை முறுக்கிக் கட்டினார். "சிரிச்சிட்டேன்னு விட்டுருவேன்னு நெனைக்காதீங்க. அங்க நிக்கிறது என்னோட ஒரு வருசச் சோறு."

"லோரி இன்னும் போகல ஆண்ட்டி" என்றாள் ஷெர்லி மெதுவாக. "ஏத்திக்கிட்டுப் போயிர்றோம்."

"ஏத்திக்கிட்டு எங்க போவ?"

சுக்கு வேலியருகே வந்து ஷெர்லியின் சட்டைப்பையை மூக்கால் துழாவியது.

வடிவம்மாள் கட்டிய கம்பியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "ஆகஸ்டு கடைசியில கோபிஸ் வெட்டுறேன். அது வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் வேலி ஓரமா சோளம் போடப்போறேன், இது கழுத்த நீட்டுனா எட்டிரும், அப்ப முடியாது. இன்னொண்ணு சார். பகல்ல பாத்தியோரம் ஆள் நிக்கணும். நீங்கதான் நிக்கணும். எழுதுனது நீங்கதானே."

அன்று முதல் ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் அங்கே நிற்கிறேன், கையில் ஒரு மூங்கில் கழியுடன். ஞாயிறுகளில் ஷெர்லி நிற்கிறாள். இதுவரை சுக்கு வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டித் தின்றவை இரண்டு முட்டைக்கோசுகள். இரண்டையும் நானே போய் வடிவம்மாளிடம் ஒப்புக்கொண்டேன்.

சஃபியாவிடமும் போனேன். கனி இருக்கும்போதே, சொல்லின் பொருளை ஆசிரியன் சொல்ல வேண்டிய முறையில் நேராகச் சொன்னேன். அவள் எந்திரத்தில் தாள் அடுக்குவதை நிறுத்தவேயில்லை.

"இவ்வளவுதானா சார்? எங்க வீட்டுப் பூனைக்கே போன மாசம் செஞ்சோம். மலாய்ல கசின்னு சொல்லுவாங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா அப்படியே போட்டிருப்பேன்லா."

கனி இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இம்முறை குடித்தேன்.

இன்று ஆகஸ்டு 12. அறுவைக்கு நாள் குறித்தாயிற்று: டிசம்பர் 9. செப்டம்பர் முதல் அந்த நாள் வரை சுக்குவுக்கு இடம் இல்லை. வியாபாரி இந்த மாதமும் ஒரு முறை கேட்டு அனுப்பினார். அவன் இப்போது என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறான். அவன் என்று எழுதியது திணைவழு; உவப்பினால் வந்தால் அதை ஏற்கும் வழுவமைதி உண்டு என்று நானே எத்தனையோ வகுப்புகளில் கற்பித்திருக்கிறேன்.

ஆகவே, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைத்தான் கேட்கிறேன். வேலியிட்ட புல்தரை உங்களிடம் இருந்து, அருகில் பெண்குதிரை இல்லையென்றால், இம்மாத முடிவுக்குள் ரிங்லெட்டில் முகம்மது கனியின் கடைக்கு வந்து சொல்லுங்கள். அவன் காயடிக்கப்படாதவன். காய் தின்பான். இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியே படியுங்கள். எது விளங்கவில்லையோ அதைக் கூசாமல் கேளுங்கள், நானும் கூசாமல் சொல்கிறேன். விளங்கிய பிறகு, அவனுக்கு மூன்று மாத இடம் கொடுங்கள்.