பேரணியில் ஒரு சவரக்கத்தி

வெறுங்கையோடு வர வேண்டும் என்பதுதான் பேரணியின் ஒரே விதி. போட்டவள் என் மனைவி. ஆலை வாசலில் கைதான ஏழு பேரில் அவள் தம்பியும் ஒருவன்; அவர்களை விடுதலை செய்யச் சொல்லித்தான் ஊர்வலம். சலூனை அவசரமாகப் பூட்டிவிட்டு ஓடி, முதல் வரிசையில் சேர்ந்தேன்.

போலீசார் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்த வேகத்தில் பக்கத்திலிருந்த கொத்தனாரின் சட்டை, ஒரு பொத்தானும் அவிழாமல் கழன்று, அடுத்த தெருக் கொடியில் போய்க் காய்ந்தது. யாரும் கை ஓங்கவில்லை. அப்படியே சாலையில் உட்கார்ந்தோம்.

என் நனைந்த சட்டைப் பையில் ஏதோ கனத்தது. தொட்டுப் பார்த்தேன். சவரக்கத்தி.

“ஒரே ஒரு ஆயுதம் சிக்கினாலும் மொத்தப் பேரும் உள்ளே!” என்று ஒலிபெருக்கியில் கத்தியபடி, இன்ஸ்பெக்டர் அந்தக் கோடியிலிருந்து சோதனை போட ஆரம்பித்தார்.

“ஏங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மனைவி.

சொன்னேன்.

“அடக் கடவுளே! தூக்கிப் போடுங்க.”

“போட்டா வீசின கத்தி. வச்சிருந்தா மறைச்ச கத்தி. எது பரவால்ல?”

“நாப்பது வருஷமா இந்த மனுஷனோட...”

கொத்தனார் தாடையைத் தடவினார். “நாலு நாள் தாடிண்ணே. தண்ணியும் அவங்களே ஊத்திட்டாங்க. இழுத்து விடுங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை மட்டும் வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வந்தால் கத்திக்குத்து என்று எழுதிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கான்ஸ்டபிளின் லத்தி முதுகில் இறங்கியது. மூன்று அடி. நான் ஓர் அங்குலம் வளர்ந்தேன். கொத்தனார் கன்னத்தில் கீறல் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து குனிந்தார். “யோவ், என்னய்யா பண்ற?”

“சவரம் சார்.”

“இது ஆயுதமா இல்லையா?”

“நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன் சார்.”

அவர் வயர்லெஸ்ஸில் மேலதிகாரியைக் கேட்டார். பதில் வருவதற்குள் பதினொரு பேருக்குச் சவரம் முடிந்தது.

“ரத்தம் இருக்கா?” என்றது வயர்லெஸ்.

“இல்ல சார். எல்லாம் வழவழன்னு இருக்கு.”

“அப்ப ஆயுதம் இல்ல. எதுக்கும் பிடுங்கி வை.”

பிடுங்கினார். கையை விரித்துக் காட்டினேன். எல்லோரும் விரித்துக் காட்டி, எழுந்து நடந்தோம். உடனே லத்திகள் மறுபடி இறங்கின. என் மனைவியின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அவள் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை.

“கத்தி இருந்தப்ப ஆயுதம் இல்லன்னாங்க. வெறுங்கையைக் காட்டினா எதுக்குய்யா அடிக்கிறாங்க?” என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

அவர் நடந்துகொண்டே மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

“அது இருக்கட்டும். என் மீசை எங்கண்ணே?”