மடுல்கெல்லையில் ஒரு வெளிநாட்டு முதலீடு

கண்டிப் பக்கத்து மடுல்கெல்லச் சந்தியில் பாலம்மாவின் தேத்தண்ணிக் கடையை இரண்டாம் முறை திறந்து வைக்க மாகாண அமைச்சர் ராஜலிங்கம் வந்தார். முதல் முறை திறந்தது பாலம்மாவேதான். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள், அடுப்பை மூட்டினாள், அவ்வளவுதான் திறப்பு விழா. அன்றிலிருந்து ஒரு வருஷமாகக் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களும் பஸ் கண்டக்டர்களும் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். திறந்து கிடக்கிற கடையை எப்படித் திறப்பது என்று கேட்பீர்கள். அமைச்சருடைய ஆட்கள் முதலில் உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள், ரிப்பன் கட்டினார்கள், அப்புறம் அமைச்சர் வெட்டித் திறந்தார். வாசற்படியை ஒட்டி அவர் பேர் மூன்று மொழியில் வெட்டிய கல் ஒன்றையும் நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கடைக்குள் வருகிறவர்கள் கொஞ்சம் ஒருக்களித்துத்தான் வர வேண்டியிருந்தது.

இத்தனை கூத்துக்கும் காரணம் ஒரு கேள்வி.

கண்டியில் கூடும் மாகாண சபையில் கம்பளை உறுப்பினர் தாஸிம் எதிர்க்கட்சிக்காரர். தொழிலில் வழக்கறிஞர், பிடித்தால் விடமாட்டார். மாகாணத்துக்கு இதுவரை வந்த வெளிநாட்டு முதலீடு எது, அதிலிருந்து மாகாணம் அறவிட்ட வரி என்ன என்று அவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். உள்ளதைச் சொன்னால், வந்தது ஒன்றும் இல்லை. கொழும்பில் உள்ள மத்திய அரசு சம்மதிக்காமல் மாகாணம் வெளிநாட்டுக் காசில் கை வைக்க முடியாது. ஆனால் இல்லை என்று சொல்கிற பழக்கம் எந்த அமைச்சருக்கு இருக்கிறது? பதிலளிக்க இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்று சொல்வதுதான் சபை வழக்கம். ராஜலிங்கமும் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சபையை நடத்துகிற தவிசாளருக்கே சலித்துப்போய், அடுத்த அமர்வில் பதில் வராவிட்டால் அமைச்சை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லி முதலமைச்சருக்கு எழுதுவேன் என்றுவிட்டார்.

அந்த வாரம் அமைச்சர் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போகிற வழியில் பாலம்மா கடையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினார். கடை நன்றாயிருக்கிறதே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். பாலம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எல்லாம் குவைத் காசுங்க சார்," என்றாள்.

அமைச்சர் கிளாசைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற செயலாளர் யோகேந்திரனைப் பார்த்தார். யோகேந்திரன் சாவகச்சேரிக்காரர், சட்டத்தை மதிக்கிறவர், அதனாலேயே அடிக்கடி வயிற்றைப் பிசைந்துகொண்டிருப்பவர்.

"சேர், இது அந்த அம்மா வீட்டு வேலை செய்து உழைச்ச காசு," என்றார் அவர்.

"காசு எங்கருந்து வந்துச்சு?"

"குவைத்தில இருந்து."

"குவைத் வெளிநாடா, இல்லையா?"

"ஓம், வெளிநாடுதான்."

"அப்ப எழுதுங்க."

அந்தக் கிழமையே ரிப்பனும் கல்லும் கடைக்கு வந்தன. பாலம்மாவுக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அமைச்சர் கால் பட்ட கடை என்று நாலு பேர் கூடுதலாக வருவார்கள் என்று நினைத்தாள். அந்தக் கடைதான் அவளுக்கு எல்லாம். புருஷன் செத்த பிறகு கைப்பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனவள் அவள். அந்த வீட்டு மேடம் கெட்டவள் இல்லை, ஆனால் பாலம்மாவின் பேர் என்ன என்று கடைசி வரைக்கும் கேட்கவில்லை. திரும்பி வந்த அன்று, சொந்த மகள் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யாரிந்த மனுஷி என்பது மாதிரிப் பார்த்தாள். இப்போது கடைக்குப் பின்னால் ஒரே அறையில் தாயும் மகளும் படுக்கிறார்கள். கடை நிலைத்தால் இவள் இங்கே நிற்பாள். கடை போனால் மறுபடி குவைத்துதான், வேறு வழி கிடையாது.

சபை கூடிய நாளில் அமைச்சர் ஜீப் அனுப்பிப் பாலம்மாவைக் கூட்டிவரச் செய்து, பார்வையாளர் கலரியில் முன் வரிசைக் கதிரையில் உட்கார வைத்தார். அவளும் கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"மடுல்கெல்லையில் உணவு மற்றும் பானத் துறையில் வெளிநாட்டு முதலீடு ஒன்று வந்திருக்கிறது. முதலீட்டாளர் இங்கேயே இருக்கிறார்," என்று அமைச்சர் கலரியைக் காட்டினார். ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். பாலம்மா எழுந்து கும்பிட்டாள்.

தாஸிம் மெதுவாக எழுந்தார். "சந்தோசம். அதற்கு எவ்வளவு வரி அறவிட்டீர்கள்?"

"வெளிநாட்டு முதலீடு மத்திய அரசின் விடயம். அதற்கு வரி போட மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை."

"அப்படியானால் மத்திய அரசின் அனுமதி எங்கே?"

அமைச்சர் தண்ணீர் குடித்தார்.

"அனுமதி இல்லையென்றால் அது வெறும் தேத்தண்ணிக் கடை," என்றார் தாஸிம். "வெறும் கடைக்கு மாகாணம், விற்கிற தொகை மீது, வியாபாரப் புரள்வு வரி போடலாம். ஏன் போடவில்லை?"

"வரி போட்டால் அது உள்ளூர்க் கடையாகிவிடும். மாகாணத்துக்கு வந்த ஒரே வெளிநாட்டு முதலீட்டை நாமே விரட்டியடித்த மாதிரி ஆகும்."

இந்தப் பதிலுக்கும் மேசை தட்டப்பட்டது. அந்தக் கடை செய்கிற சின்ன வியாபாரத்துக்குப் புரள்வு வரியே வராது என்று யோகேந்திரன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். அமைச்சர் அதை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஒழுங்குப் பிரச்சினை, அதற்கு மேல் ஒரு ஒழுங்குப் பிரச்சினை என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போயிற்று. வெளிநாட்டு முதலீட்டில் சுடுகிற வடைக்கு உள்ளூர்ப் பருப்பு போடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் தவிசாளர் தீர்ப்புச் சொன்னார். இது மாகாணத்துக்குரியதா, மத்திய அரசுக்குரியதா என்று தெரியாமல் வியாபாரம் நடந்தால் இரண்டில் ஒருவருக்கு நட்டம். ஆகவே முடிவாகும் வரை கடையை மூடி வைக்க வேண்டும்.

மறுநாளே மாகாண வருமான உத்தியோகத்தர் வந்து கதவில் நூலைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார். நல்ல மனுஷன். முத்திரை வைக்குமுன் ஒரு தேத்தண்ணி கேட்டுக் குடித்தார், அதற்கும் காசு கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சபை கூடும்போதெல்லாம் அமைச்சர் இரண்டு வாரம் கேட்டார். உள்ளே மாவு புழுத்தது. தாயும் மகளும் பின்பக்கத்து ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார்கள். கண்டி மஹய்யாவயில் இருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற நஸீம் ஒருநாள் தேடி வந்தான்.

"உங்கட பழைய மேடம் ஆள் கேக்குறா. சம்பளமும் கூட்டித் தாராளாம். பாஸ்போட் இரிக்கிதானே?"

"இருக்கு," என்றாள் பாலம்மா. பின்னால் மகள் வந்து நின்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பாலம்மா பேச்சை முடித்து அவனை அனுப்பிவிட்டு, அடுத்த அமர்வுக்குத் தானே பஸ் ஏறிப் போனாள். இந்தத் தடவை ஜீப்பும் இல்லை, முன் வரிசையும் இல்லை.

அன்றைக்குத் தாஸிம் புதிதாக ஒரு பிடி பிடித்தார். "கடையை விடுங்கள். முதலீட்டாளர் எந்த நாட்டுப் பிரஜை?"

பாலம்மாவுக்கு அவருடைய தந்திரம் புரியாமல் இல்லை. அவள் இந்த நாட்டுக்காரி என்று அமைச்சரின் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறார். அமைச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது உள்ளூர்க் கடை. அமைச்சு போகும், கடை திறக்கும். அமைச்சருக்கும் அது தெரியும். அவர் எழுந்து நின்று கூரையைப் பார்த்தார்.

"முதலீட்டாளரின் நாடு எது என்பது பற்றித் தகவல் திரட்டப்படுகிறது. இரண்டு வாரம் அவகாசம் வேண்டும்."

பாலம்மாவின் அப்பா, தோட்டத்துத் தமிழருக்கு இல்லாமல் போன பிரஜாவுரிமைக்காகக் கண்டிக்கு நடையாய் நடந்தவர். நீ எந்த நாட்டுக்காரன் என்று ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் கேட்டார்கள். தேயிலை மலையில் பிறந்து, அங்கேயே முதுகு வளைந்த மனுஷனிடம் கேட்டார்கள். பத்திரம் கைக்கு வந்த அன்று அவர் குடிக்கவில்லை, அழுதார். அந்த உரிமையில்தான் பாலம்மா முதல் ஓட்டுப் போட்டாள். போட்டது இதோ கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இந்த ராஜலிங்கத்துக்கு.

அவள் எழுந்துவிட்டாள்.

"நான் மடுல்கெல்லக்காரிங்க. அங்கதான் பொறந்தேன். சாருக்கு நல்லாத் தெரியும்."

தவிசாளர் மணியை அடித்தார். கலரியில் இருப்பவர்கள் பேசக் கூடாது, உறுப்பினர் அல்லாத ஒருவர் சொன்ன அந்த வார்த்தைகளைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கும்படி கட்டளையிடுகிறேன் என்றார். உடனே நீக்கப்பட்டது.

அமைச்சருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "கௌரவ தவிசாளர் அவர்களே, முதலீட்டாளர் உள்ளூர்க்காரர் என்பதற்குச் சபைக் குறிப்பில் எந்த ஆதாரமும் இல்லை."

குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். உண்மைதான், இல்லை. அப்படியானால் அவள் வெளிநாட்டுக்காரி என்று தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது. தாஸிம் தன் பங்குக்கு ஒன்றைக் கேட்டு வாங்கினார்: வெளிநாட்டு முதலீடென்றால் மாகாணம் அதில் வரியும் போட முடியாது, முத்திரையும் வைக்க முடியாது, விரல்கூட வைக்க முடியாது. அமைச்சர் முழு மனதோடு ஒப்புக்கொண்டார். இரண்டு பக்கமும் மேசை தட்டியது அன்றைக்குத்தான்.

வெளியே படிக்கட்டில் யோகேந்திரன் ஓடி வந்தார்.

"அம்மா, நீங்கள் போய்க் கடையைத் திறவுங்கோ. இனி மாகாணத்தில ஒருத்தரும் உங்களைத் தொடேலாது."

"அப்ப நான் யாருங்க?"

அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "சபையின்ர குறிப்பில வெளிநாட்டுக்காரி. அதை மாத்தக் கேட்டால் திரும்பவும் முத்திரை வைப்பினம். நான் என்ன செய்ய, அம்மா."

பாலம்மா அவரைத் திட்டவில்லை. திட்டினால் தாங்குகிற உடம்பு அந்த மனுஷனுக்கு இல்லை. ஊருக்குப் போய் முத்திரையைப் பிய்த்து எறிந்தாள், புழுத்த மாவைக் கொட்டினாள், விடியற்காலையில் அடுப்பை மூட்டினாள்.

அடுத்த கிழமை நல்ல மழை. அமைச்சரின் வாகனம் வந்து நின்றது. ஆட்களோடு இறங்கி, ஒருக்களித்து உள்ளே நுழையப் போனவரைப் பாலம்மா கதவு நிலையில் கையை வைத்து மறித்தாள்.

"விசா இருக்குங்களா சார்?"

அமைச்சர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இது வெளிநாடுன்னு நீங்கதானே சொன்னீங்க. விசா எடுத்துக்கிட்டு வாங்க, தேத்தண்ணி தாறேன்."

அமைச்சர் யோகேந்திரன் பக்கம் திரும்பினார். செயலாளர் குடையைத் தன் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வயிற்றைப் பிசையாமல் சொன்னார்:

"விசா மத்திய அரசின்ர விடயம், சேர். எங்களுக்கு அதிகாரம் இல்லை."

அந்த நேரம் மலையிலிருந்து கொழுந்துக்காரப் பெண்கள் நனைந்துகொண்டு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த ராக்கம்மா, அமைச்சர் மழையில் நிற்பதையும் பாலம்மா வாசலை மறித்து நிற்பதையும் பார்த்துத் தயங்கினாள்.

"என்னாடி, நாங்க உள்ள வரலாமா?"

"நீ என்னாத்துக்குக்கா கேக்குற. இது நம்ம ஊருதானே," என்றாள் பாலம்மா. அவள் கையை எடுத்து வழி விட்டாள். பெண்கள் கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, அமைச்சரைத் தாண்டி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பாலம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனாள்.