எட்டாம் வகுப்புக்கான கட்டம்

சான்றிதழ்ப் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவி எந்தெந்தப் பள்ளியில் பயின்றார் என்பதை அவற்றுள் எழுத வேண்டும். தலைமையாசிரியை பியூலா முதல் இரண்டு கட்டங்களில் தம் அரசுப் பள்ளியின் பெயரை எழுதினார். மூன்றாவது கட்டத்திற்கு வந்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்.

"எட்டாவது நீ இங்க படிக்கலையே, ஓவியா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். அந்த ஓராண்டு மட்டும் அவள் பெருங்களத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தேசியப் பாடத்திட்டத்தில் பயின்றாள் என்றும், ஒன்பதாம் வகுப்பில் இங்கேயே திரும்பிவிட்டாள் என்றும் நான் விடையளித்தேன். அதைச் சற்றுப் பெருமிதத்துடனேயே கூறினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பியூலா பேனாவை மூடினார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்குரிய ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பெற வேண்டுமாயின், அந்த ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளியிலேயே பயின்றிருத்தல் வேண்டும் என்று அவர் விளக்கினார். நான் ஓராண்டுதானே என்றேன்.

"ஒரு நாள்னாலும் என்னால எழுத முடியாதும்மா. என்னை மன்னிச்சிடுங்க."

ஓவியா நீட் தேர்வில் பெற்ற மதிப்பெண், அந்த ஒதுக்கீட்டின்கீழ் அவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் உறுதியாக இடம் பெற்றுத் தரக்கூடியது. பொதுப் பட்டியலிலோ அவளுக்கு நூறு மதிப்பெண்ணுக்கு மேல் குறைவு. ஆகவே, அந்த அறையில் மூடப்பட்டது பேனா மட்டுமன்று.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கூற வேண்டும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் நான் தரச் சோதனைப் பணி செய்கிறேன். கடைந்து வரும் புஷ் எனும் சிறு உலோக உருளைகளைக் கேஜ் எனும் அளவுக் கருவியில் நுழைத்துப் பார்த்து, பொருந்துவதை ஒரு தட்டிலும் பொருந்தாததை மற்றொரு தட்டிலும் இடுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நான், முப்பத்தொன்பதாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன். அதன் பிறகு, கல்வியைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கும் உண்டு என எண்ணலானேன்.

எங்கள் பீர்க்கன்கரணை குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் ஸ்ரீநிவாசராகவன், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே அளவுகோல் இருக்க வேண்டும் என்று அவர் கூட்டந்தோறும் வலியுறுத்துவார். கேஜைப் பிடித்த கைக்கு அது எளிதில் விளங்கியது. திருமுடிவாக்கத்தில் கடைந்த புஷ் புனேயில் பூட்டும் வண்டிக்குப் பொருந்துகிறதே, பிள்ளைகளின் கல்வி மட்டும் ஏன் பொருந்தக் கூடாது? ஏழாம் வகுப்பு முடிந்ததும் ஓவியாவை அந்தப் பெருங்களத்தூர்ப் பள்ளியில் சேர்த்தேன்.

அந்தப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்தே இந்தி பயின்றவர்கள். என் மகள் அந்த எழுத்துகளைப் படம் வரைவதுபோல் பார்த்து வரைந்தாள். ஆண்டின் இறுதியில் என்னை அழைத்து, தேர்ச்சி அளித்துவிடுகிறோம், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மீண்டும் மாநிலப் பாடம். பின்னர் நீட் தேர்விலோ மீண்டும் தேசியப் பாடம். எந்த வரைபடத்தைக் கொண்டு ஒரு பொருளைக் கடைந்தோமோ அதைக் கொண்டே அதைச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். என் மகளை ஒரு வரைபடத்தில் கடைந்து, வேறொன்றில் சோதித்தார்கள். நடுவில் ஓராண்டு வரைபடத்தை மாற்றியவள் நான்.

என் கணவர் முனிரத்தினம் தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். செய்தியைக் கேட்டதும் அவர் ஒரு வழி கூறினார்.

"அந்த ஸ்கூல மூடிகினு போயி மூணு வருசம் ஆவுது. யாருக்குத் தெரியப்போவுது? மேடம் காலுல வுழுந்து எழுதி வாங்கு."

ஒவ்வொரு மாணவருக்கும் எண் கொடுத்து அனைத்தையும் கணினியில் பதிந்திருக்கிறார்கள் என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்? நாம சொல்றத எழுதிகினு கீது" என்றார் அவர்.

பொய்ச் சான்றிதழில் பெறும் இடம் எந்நாளும் பறிபோகலாம் என்று கூறி மறுத்துவிட்டேன். நான்கு நாட்களாக ஓவியா என்னுடன் பேசவில்லை.

ஐந்தாம் நாள் ஸ்ரீநிவாசராகவனின் இல்லத்திற்குச் சென்றேன். ஏதேனும் முறையீட்டு வழி அவருக்குத் தெரிந்திருக்கும் என நம்பினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மலர்ந்தது.

"இது ஸ்டேட் பண்ற தப்பும்மா, சாமுண்டீஸ்வரி. நேஷனல் சிலபஸை அப்பவே ஏத்துண்டிருந்தா உங்க பொண்ணுக்கு இந்தக் கஷ்டமே இல்ல. ஞாயித்துக்கெழமை டிபேட் வச்சிருக்கோம். வந்து இதை அப்படியே சொல்லுங்கோ."

என் பெயரைப் பேச்சாளர் பட்டியலில் எழுதிக்கொண்டார். முறையீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தெருமுனையில் ஜீவானந்தம் என்னை நிறுத்தினார். அவர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்தவர். அதே விவாதத்தில் எதிரணியில் பேச இருந்தவர். செய்தி எனக்கு முன்பே அவரை அடைந்திருந்தது. அந்த ஓராண்டுதான் என் மகளைக் கெடுத்தது என்றும், இதைவிடச் சிறந்த சான்று மாநிலப் பாடத்திட்டத்தின் சார்பில் கிடைக்காது என்றும், நான் தம் அணியில்தான் பேச வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவருடைய மகன் எந்தப் பாடத்திட்டத்தில் பயில்கிறான் என்று கேட்டேன்.

"அது வீட்ல எடுத்த முடிவுக்கா" என்றார், செருப்பைப் பார்த்தபடி. "நான் ஒத்துக்கல."

என் மகள் இழந்த இடத்தை ஒருவரும் தேடவில்லை. இழப்பை மட்டும் இருவரும் தம் அணிக்குக் கேட்டார்கள். அன்று முதல் ஞாயிறு வரை பட்டறையில் நான் சோதித்த புஷ்களை மேற்பார்வையாளர் இருமுறை திருப்பி அனுப்பினார். சினத்தில் தட்டுகளை மாற்றி இட்டிருந்தேன் என்பதை அவரிடம் நான் கூறவில்லை.

ஞாயிறு மாலை சங்கக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மாநிலம் தேசியப் பாடத்திட்டத்தை ஏற்க வேண்டுமா என்று பதாகையில் அச்சிட்டிருந்தார்கள். ஓரணி நாட்டின் ஒருமைப்பாட்டைப் பற்றியும் மற்றோரணி மாநிலத்தின் உரிமையைப் பற்றியும் நன்றாகவே பேசின. இரண்டிலும் உண்மை இருந்தது. அதுவே என் சினத்தை மேலும் வளர்த்தது. என்னை அழைத்தபோது, எழுதி வந்த நான்கு பக்கங்களைப் பிரிக்காமல் நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அரசுப் பள்ளியில் இப்போது பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன்.

இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று காவலாளி ஞானையாவினுடையது. மற்றொன்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணினுடையது. மற்றவர்களை விட்டுவிட்டு அவ்விருவரை நோக்கி மட்டும் பேசினேன்.

"உங்க புள்ளைங்கள நடுவுல மாத்தாதீங்க. இந்த சார் சொன்னாலும், அந்த சார் சொன்னாலும், நான் சொன்னாலும் மாத்தாதீங்க. எந்தப் பாடம் வேணும்னு இவங்க முடிவு பண்ணட்டும். பண்ணா, ஒண்ணாங்கிளாஸ்ல தொடங்கச் சொல்லுங்க. வைக்கிற பரீட்சையும் அதே பாடத்துல இருக்கணும்னு சொல்லுங்க. பாதி வழியில நிக்கிற புள்ளைங்க மேல சோதிச்சுப் பாக்க வேணாம்."

ஸ்ரீநிவாசராகவன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். தாயின் உணர்ச்சியை மதிப்பதாகவும், ஆயினும் தலைப்பை ஒட்டிப் பேசினால் நலம் என்றும் கூறி, அடுத்தவரை அழைத்தார். கைதட்டினார்கள். யாருக்காகத் தட்டினார்கள் என்பது விளங்கவில்லை.

வெளியே வந்தபோது ஓவியா வாயிலில் நின்றிருந்தாள். அவள் வந்திருந்ததை நான் அறியவில்லை. ஏரிக்கரை வரை எனக்கு முன்னே நடந்து, அங்கே திரும்பி நின்றாள்.

"அங்க எல்லாரையும் கேள்வி கேட்டியே. எட்டாவதுல மாத்தறப்போ என்னைக் கேட்டியா?"

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது என்றேன்.

"பன்னெண்டு வயசுல வாய் இல்லையா எனக்கு? வேணாம்னு அழுதேன். ‘நான் படிச்சவ, எனக்குத் தெரியும்’னு சொன்ன. பத்தாவது பாஸ் பண்ண அன்னைலேர்ந்து நீ அதத்தாம்மா சொல்ற."

அவள் அழுததும், நான் அவ்வாறு கூறியதும் உண்மை. அத்தனை நாளும் பிறர்மீது வீசிய சினம் திரும்பி வந்து என்மீது விழுந்தது. ஆயினும் பிறர்மீது இருந்தது சிறிதும் குறையவில்லை.

மறுவாரம் தாம்பரம் ரயில் நிலையத்தருகே உள்ள கணினி மையத்தில் அவள் இயன்முறை மருத்துவப் படிப்பிற்கு விண்ணப்பித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அதற்குப் போதும். பயின்ற பள்ளிகளின் விவரத்தில் அந்தத் தனியார் பள்ளியின் பெயரையும் அவளே தட்டச்சு செய்தாள். நீட் தேர்வை இன்னுமொரு முறை எழுது, எந்தப் பயிற்சி வகுப்பிலும் சேர்க்கிறேன் என்று கெஞ்சினேன்.

"என் வருஷத்த இனிமே யாரும் எடுக்க வேணாம்மா" என்றாள்.

சொல்ல நூறு வாதங்கள் இருந்தன. அவற்றை விழுங்கினேன், கசந்தது. பெற்றோர் உறுதிமொழித் தாளை அவள் என் பக்கம் நகர்த்தினாள். முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா என்று முணுமுணுத்தார். திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். கடைசி வரி வரை படித்து முடித்தேன். ஓவியா பேனாவை நீட்டினாள்.