தேவபயம்

ஆவூர் ஜெபமாலையம்மாளுக்கு மார்பில் வந்த புற்றைவிட, மதுரை ஆஸ்பத்திரி மேசையை நினைத்தால்தான் குலை நடுங்கும். அறுபத்து நாலாம் வருஷம் அது. புற்றைக் கருக்கக் கரண்ட் என்கிற கதிர் வைக்க அதில் படுக்கப் போட்டு, எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். உயிரோடு கல்லறையில் வைத்த மாதிரி இருக்கும். போன இரண்டு தடவையும் அலறி எழுந்து ஓடிவந்துவிட்டாள்.

"அசையாமப் படுத்தாத்தாம்மா வைத்தியம். அடுத்த தடவையும் எந்திரிச்சீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் டாக்டர். ஏழு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "தினம் ஒண்ணு முழுங்குங்க. பயத்தையே எடுத்துரும்."

வந்தது வினை. பயத்தை எடுத்துவிடும் என்றால் எந்தப் பயத்தை? ஞானோபதேச வகுப்பில் படித்த தேவபயமும் பயம்தானே? அதுவும் சேர்ந்து போய், அந்த மேசையிலேயே உயிரும் போய்விட்டால்? செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படக்கூடத் தோன்றாதே, நேரே நரகம்தானே! ஐயோ மாதாவே! பொட்டலத்தை மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். புருஷன் மைக்கேல்சாமி வாத்தியார் கேட்டபோதெல்லாம், "முழுங்கிட்டேங்க" என்றாள். பொய் சொன்ன பாவம் வேறு.

மதுரைக்குக் கிளம்பும் நாள் காலையில் ஒன்றையாவது முழுங்கிவிடலாமா என்று தோன்றியது. மாதாவைத் தொட்டுக் கும்பிடப் போனவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டுதான் இருந்தன.

"நாந்தான் எடுத்து முழுங்குனேன்" என்றார் பின்னால் வந்த வாத்தியார். பள்ளிக்கூடமே நடுங்குகிற மனிதருக்கு முகம் வெளுத்துக் கிடந்தது. "ஒளிச்சு வச்சத அன்னிக்கே பாத்துட்டேன். சொல்ல வாய் வரல. கண்ண மூடுனா ஒன்னையப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போறாக, புள்ள."

இவருக்குமா! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதை முதலில் கேட்டாள்.

"தேவபயம் போயிருச்சாங்க?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சிரிக்கவில்லை.

"போகல. கை நடுக்கந்தான் கொறஞ்சுச்சு. செபமாலை சொல்லாம ஒரு நாளும் படுக்கல. இவள எடுத்துக்கிறாத சாமின்னு அழுதுக்கிட்டேதான் கெடந்தேன்."

ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மற்றதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத நீங்க முழுங்குங்க. கதவுக்கு அங்கிட்டு நீங்கதான தனியா நிக்கணும்."

மதுரையில் கதவைச் சாத்தினார்கள். பயம் முழுக்கப் போகவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. வெளியே நிற்கிறவரை நினைத்துக்கொண்டு அவள் அசையாமல் படுத்திருந்தாள்.