பால் வெட்டுகிறவருக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை

என் வாய்தான் எனக்கு எதிரி. கருங்கல் என்கிற எங்கள் ஊரில், சந்தைக்குப் பின்னால் உரக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். படிக்க வருகிறவர்களை வயது பார்க்காமல் திட்டுவேன். 'ஜினி டீச்சரிடம் திட்டு வாங்கினால் விசா கிடைக்கும்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனமும் ஏறியிருந்தது.

ஜான்ரோஸ் அண்ணன் ஜூன் மாதம் வந்தார். நாற்பத்து நான்கு வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். எல்லாம் பழைய மரங்கள், முறித்துவிட்டுப் புதுக் கன்று வைக்கப் போகிறேன் என்று தோட்ட முதலாளி சொல்லிவிட்டாராம். புதுக் கன்று வெட்டுக்கு வர ஏழு வருடமாவது ஆகும். அதுவரை அவர் எங்கே போவார்? போர்ச்சுகலில் பழத்தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், வீடியோவில் பத்து நிமிடம் இங்கிலீஷில் பேசினால் போதும் என்று ஏஜென்ட் ஒருவர் ஆசை காட்டியிருந்தார்.

"மரம் முறிக்கதுக்கு முன்ன எனக்கு ஒரு வழி ஆகணும் டீச்சர்" என்றார்.

காலையில் வெட்டு முடித்து, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து வெள்ளைச் சட்டை போட்டு பதினோரு மணிக்கு வருவார். எவ்வளவு குளித்தாலும், மரத்தில் உறைந்து ஒட்டும் ஒட்டுபாலின் வாடை போகாது. பக்கத்து பெஞ்சுக்காரிகள் நகர்ந்து உட்காருவார்கள். எனக்கு அந்த வாடை புதிதல்ல. என் அப்பா ஞானசிங் நாற்பது வருடம் அடுத்தவன் தோட்டத்தில் பால் வெட்டியவர். இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. ஜான்ரோஸ் அண்ணன்தான் ஒருநாள் எல்லார் முன்னாலும், "டீச்சருக்க அப்பாவும் நானும் ஒரே தோட்டத்தில வெட்டினவங்களாக்கும்" என்று ஆரம்பித்தார்.

"இங்க தமிழ் பேசப்பிடாது. இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்" என்று கடித்தேன். பாவம், வாயை மூடிக்கொண்டார்.

பலகையில் நடுவே கோடு போட்டு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தேன். இடப்பக்கம் ஃபார்மர்: சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிறவர். வலப்பக்கம் ஃபார்ம் ஒர்க்கர், லேபரர், பிக்கர், டேப்பர்: அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அவர் எழுந்து வந்து வலப்பக்கத்தில் 'டேப்பர்' மேல், பால் வெட்டுகிறவர் என்ற வார்த்தை மேல், விரலை வைத்தார். அந்த விரலைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"அது வேண்டாம். ஃபார்மர்னு சொல்லுங்க."

"எனக்கு ஒரு சென்ட் நிலம் கெடையாதே டீச்சர்."

"எவன் போர்ச்சுகல்ல இருந்து வந்து பட்டா கேக்கப் போறான்? கூலின்னு நீங்களே சொன்னா அவன் என்ன மதிப்பான்? கொஞ்சம் கெத்தா இருங்கண்ணா."

அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. டேப்பர் என்ற வார்த்தையை என் வகுப்பில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதை எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்திலும் ஃபார்மர் என்று என் கையாலேயே நிரப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் நேர்காணல் நடந்தது. மறுநாள் ஏஜென்ட் எனக்குப் போன் போட்டு எகிறினார். "என்ன படிப்பிச்சு விட்டிருக்கிய? அவனுக்குப் பழம் பறிக்க ஆளுதான் வேணும். இவரு ஃபார்மர்ங்காரு. எத்தன ஹெக்டேர், நீ இங்க வந்தா அத ஆரு பாப்பான்னு கேட்டான். இவரு முழிச்சாரு. தோட்ட மொதலாளி குடுத்த லெட்டர்ல இருபத்திரெண்டு வருசம் பால் வெட்டினாருன்னு இருக்கு. கள்ளம் பறையுதாருன்னு தள்ளிட்டான். உள்ளதச் சொல்லியிருந்தா அங்கேயே எடுத்திருப்பான்!"

ஜான்ரோஸ் அண்ணனுக்குப் போன் செய்ய மூன்று தடவை எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். ஒரு சாக்குப்பை நிறைய மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வாசலில் வைத்துவிட்டு நின்றார்.

"மன்னிக்கணும் டீச்சர். நீங்க இவ்வளவு பாடுபட்டிய. நான் முட்டாப்பய, அங்க போயி முழிச்சு உங்க பேரயும் கெடுத்துட்டேன்."

அந்த நிமிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? "சரி, போட்டும்ணா" என்றேன். மன்னித்தும்விட்டேனாம்! என்ன பிறவி நான்?

அவர் முகம் தெளிந்தது. "ஆனா படிச்சது வீண் இல்ல, கேட்டியளா. முந்தாநேத்து ஒரு அடக்கத்துக்கு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஞானசிங் அண்ணனுக்க கல்ல நானே எழுத்துக்கூட்டி வாசிச்சேன். பேருக்கு அடியில பிளான்டர்னு போட்டிருக்கு. அது நீங்க படிப்பிக்காத வார்த்தை. அப்பிடின்னா என்ன டீச்சர்?"

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கறுப்புக் கல்லுக்குச் சொல்லி வைத்தவள் நான்தான். கல் வெட்டுகிறவரிடம் அந்த வார்த்தையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கல்லறையில் நின்று எவன் இங்கிலீஷ் படிக்கப் போகிறான் என்ற தைரியம்.

"தோட்டத்துக்குச் சொந்தக்காரர்" என்றேன்.

"அண்ணனுக்குத் தோட்டம் உண்டா?" அவர் கண் விரிந்தது. "ஒண்ணா இருந்து கஞ்சி குடிச்சிருக்கோம். ஒருநாளும் பறஞ்சதில்லையே!"

அவர் அதை நம்பிவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லண்ணா. அப்பாவுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. அவரு பால் வெட்டினவர்தான். எனக்கு அதச் சொல்ல வெக்கம். அந்த வெக்கத்தத்தான் உங்க தலையிலயும் கெட்டி வச்சேன். நீங்க தப்பாப் பேசல. நீங்க தொட்டுக் காட்டின வார்த்ததான் சரி. அதச் சொல்லியிருந்தா வேல கிடைச்சிருக்கும்."

ஜான்ரோஸ் அண்ணன் பலகையைப் பார்த்தார். அதில் அன்றைய பாடம் இருந்தது, ஓட்டல் வேலைக்கான வார்த்தைகள். திட்டமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"இப்பச் சொல்லி என்ன டீச்சர்?" என்றார் மெதுவாக. "திங்கக்கிழமையே எல்லா மரத்தயும் முறிச்சாச்சு."

கசப்புப் போக, கிழங்கை வேகவைக்கும்போது முதல் தண்ணீரை வடித்துவிடச் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனார்.