சிப்பை எழுப்புதல்

பிரிண்டர் கேபிளின் கறுப்புத் தோலை கிரேஸ்லின் பிளேடால் கீறுகிறாள், உள்ளிருந்து மஞ்சளும் பச்சையுமாகக் கம்பிகள் பிதுங்குகின்றன, ரிச்சி தெருவில் புரோகிராமர் கருவியின் விலையைக் கேட்டுவிட்டு, பழைய கேபிள் இருக்கா அண்ணே என்று இறங்கி வந்திருந்தோம், ரோபோ செய்றேன்னு வர்ற எல்லாருக்கும் கடைசியில கேபிள்தாம்மா என்று கடைக்காரர் சிரித்தார், சில கம்பிகள், சில ரெசிஸ்டர்கள், அதுவே எங்கள் புரோகிராமர், கணினியில் எழுதியதை அது சிப்புக்குள் ஏற்றும், தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் எங்கள் குட்டி வண்டிக்கு சிப் ஒன்றுதான் வாங்க முடிந்தது, விடுதி ஜன்னலில் வெயில், அல்லது மழையா, இரண்டும் நினைவிருக்கிறது, இந்த வண்டி கோடு பிடிச்சி ஓடிச்சின்னா எப்பாகிட்ட சொல்லிருவேன், கல்யாணம் இப்பம் வேண்டாம், எம்.இ. சேரணும்னு, என்கிறாள், ஓடலேன்னா, என்கிறேன், ஓடலேன்னா பட்டு எடுக்கப் போவேன், நீ மார்த்தாண்டம் வந்து பிரியாணி தின்னுட்டுப் போ.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஊருக்கு அழைத்துப்போக அவள் அப்பா வருகிறார், அதற்கு முந்தைய நாள், அவசரத்தில், கணினித் திரையில் ஒரு கட்டத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டாள், உனக்கான கடிகாரத் துடிப்பு வெளியிலிருந்து வரும் என்று சிப்பிடம் சொல்லிவிட்டாள், வெளியே எதுவும் இல்லை, சிப் காத்திருக்கத் தொடங்கியது, கணினி கூப்பிட்டால் பதில் இல்லை, செத்துப்போச்சுட்டீ, என்றாள், குரலில் ஒரு நிம்மதி இருந்ததோ, இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு, கடைகள் இல்லை, அவள் பெட்டி அடுக்குகிறாள், முதலாமாண்டில் விளக்கு மினுக்கச் செய்த சர்க்யூட்டை நான் பரணிலிருந்து எடுக்கிறேன், அதன் துடிப்பை வேகமாக்கி, ஒரு கம்பியால் சிப்பின் காலில் தொடுகிறேன், கணினி கூப்பிடுகிறது, சிப் பதில் சொல்கிறது, தவற்றைத் திருத்திவிட்டுக் கம்பியை எடுக்கிறேன், ஏட்டி, முழிச்சிட்டு, என்கிறாள், வண்டியையும் கறுப்பு டேப்பையும் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறாள்.

பார்வையாளர் அறையில் அவள் அப்பா, சாமானெல்லாம் எடுத்தாச்சா மக்ளே, அவள் குனிந்து வாசலிலிருந்து அவர் நாற்காலிவரை டேப்பை ஒட்டுகிறாள், சுவிட்சைப் போடுகிறாள், வண்டி கோட்டைப் பிடித்து வந்து அவர் செருப்பில் முட்டுகிறது, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன, எப்பா, நான் வரல்ல, எனக்கு மேல படிக்கணும், அவர் என்னைப் பார்க்கிறார், நான் சக்கரங்களைப் பார்க்கிறேன், அவர் காலை நகர்த்துகிறார், டேப் அங்கேயே முடிந்திருந்தது, கோடில்லாத தரையில் வண்டி வட்டமிடுகிறது, இன்னுங் கொஞ்சம் ஒட்டு மக்ளே, என்கிறார்.