ஆரஞ்சு போன பிறகு

அந்த சென்ட் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் அதற்கு ஆசைப்பட்டேன் என்று யாரும் பேசக்கூடாது. தேன் நிறத்தில் உள்ளங்கை அளவு பாட்டில். தம்பி பெண்டாட்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் அடித்துக்கொள்கிறாள். "பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு சாப்பிடுற ஐஸ்கிரீம் மாதிரி இருக்கு அண்ணி, ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்" என்பாள். எனக்கு அது ஐஸ்கிரீம் இல்லை, வெறும் ஆரஞ்சு. சின்ன வயதில் பஸ் ஏறினாலே எனக்குக் குடலைப் புரட்டும். அம்மா ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கி என் மூக்கில் வைத்து அழுத்துவாள். அன்றிலிருந்து ஆரஞ்சு வாசனை என்றால் எனக்கு வாந்திதான். அப்படிப்பட்டவள் டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்து, நாளெல்லாம் காரில் உட்கார்ந்தே பிழைக்கிறேன் என்பது வேறு கூத்து.

தம்பி பெண்டாட்டி நெஞ்சில் கிருமி புகுந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவள் பிள்ளை துரைக்கு ஐந்து மாதம். துரை என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். படுத்த இடத்திலிருந்தே வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குவான், அதனால் துரை. குழந்தையை வார்டு பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் அறியாதவன் அவன். பாட்டிலை வாயில் வைத்தால் நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு வீறிடுவான். ஸ்பூனில் ஊட்டினால் பாதி கழுத்தில் வழியும், மீதி பாதியை என் முகத்தில் துப்புவான். எனக்குக் கல்யாணம், குழந்தை என்று எதுவும் அமையவில்லை. அமையாததைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

குழந்தை டாக்டர் அவனைத் தராசில் கிடத்திப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு மேல எடை குறைஞ்சா இங்கேயே சேர்த்துடணும்மா. மூக்கு வழியா ட்யூப் விட்டுத்தான் பால் குடுக்க முடியும்."

அந்த மூக்கே ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். அதற்குள் ட்யூபா? வெளியே வந்ததும் தம்பியைப் பிடித்துக் கத்தினேன். "பெத்தவன்தானேடா நீ? ஒரு வாய் பால் குடுக்கத் துப்பில்லையா?" பாவம், அவன் என்ன செய்வான். லிஃப்ட் மெக்கானிக். இரவெல்லாம் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் கம்பிவடத்தைப் பார்த்துவிட்டு, பகலெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறான். கண் இரண்டும் குழி விழுந்துவிட்டது.

அவனுக்குத்தான் முதலில் யோசனை வந்தது. அழுக்குத் துணிக் கூடையின் அடியில் அவளுடைய நைட்டி ஒன்று துவைக்காமல் கிடந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டிலைக் கொடுத்தான். துரை நைட்டியில் மூக்கைத் தேய்த்தான், சிணுங்கினான், பிறகு கடகடவென்று குடித்தான். நாங்கள் இருவரும் மூச்சுகூட விடவில்லை. ஆனால் நைட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதில் பால் கொட்டியது, எச்சில் ஊறியது, ஒரு வாரத்துக்குள் அது வெறும் புளித்த துணியாகிவிட்டது. துரை மறுபடியும் வாயை மூடிக்கொண்டான்.

"அக்கா, அந்த சென்ட்டை அடிச்சுப் பார்ப்போமா?" என்றான் தம்பி.

அவனே அடித்துக்கொண்டான். அவன் உடம்பில் ஊறியிருந்த கிரீஸும் அந்த இனிப்பும் சேர்ந்து, மிட்டாய்க் கடையில் மண்ணெண்ணெய் கொட்டியது போல ஒரு நாற்றம். துரை தும்மினான், தும்மிவிட்டு அழுதான். மறுநாள் விடிந்ததும் என் முறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் அடித்துக்கொள்ளும் இடத்திலேயே, கழுத்தில் இரண்டு பக்கமும் அடித்தேன். ஆரஞ்சு சுள்ளென்று மூக்கில் ஏறியது. பழைய பஸ், பழைய ஜன்னல் கம்பி, எல்லாம் வந்து போயின. பையனைத் தூக்கினேன். அவன் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு என் கையிலிருந்து துள்ளினான். அவனுக்கும் குமட்டியதோ என்னவோ.

"சரிதான் போடா. நீயும் உன் அம்மா சென்ட்டும்" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கழுவக்கூட நேரமில்லை.

அன்று முதல் மாணவர் பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் மனிதர், கியரைத் தொடவே பயப்படுவார். காரில் ஏறியதும் மூக்கை உறிஞ்சினார்.

"மேடம், கிளினிக்ல சின்னப் பசங்களுக்கு வாய் கொப்பளிக்க ஆரஞ்சு மருந்து ஒண்ணு குடுப்பேன். அதே வாசனை வருது."

"நல்லதாப் போச்சு. கிளினிக்ல இருக்கறதா நினைச்சுக்கிட்டு பயப்படாம ஓட்டுங்க."

ஓட்டினார். சிக்னலில் மூன்று தரம் வண்டியை அணைத்தார். பின்னால் நின்ற லாரிக்காரன் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்த மிதியில் முழங்கால் விண்ணென்றது. எனக்கு இருப்பே கொள்ளவில்லை. பையன் குடித்தானா, இல்லையா? டாக்டர் சொன்ன எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு இருக்கும்? போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கார் கண்ணாடி ஏற்றியே இருந்தது. வேர்த்து ஊற்றியது.

கடைசி வகுப்பு ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள். "மேடம், ஸ்கூல்ல எங்கிட்ட வாசனை ரப்பர் ஒண்ணு இருந்துச்சு. உங்க பக்கத்துல உட்கார்ந்தா அது ஞாபகம் வருது. அப்படியே கடிக்கணும் போல இருக்கு."

"கடிக்கிறது அப்புறம். முதல்ல ரோட்டைப் பாரு."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி என் கையில் பிள்ளையைத் திணித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப சட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். நான் சென்ட்டை மறந்தே போயிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. துரை என் தோளில் தலையைச் சாய்த்தான். மூக்கை என் கழுத்தில் வைத்து இப்படியும் அப்படியும் உரசினான். பிறகு வாயைத் திறந்து என் ரவிக்கை ஓரத்தைச் சப்பத் தொடங்கினான்.

"டேய், பாட்டிலைக் கொண்டா. சீக்கிரம்!"

குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலி பாட்டிலையும் உறிஞ்சினான். தம்பி கிட்டே வந்து, என் கழுத்தருகே குனிந்து மோந்து பார்த்தான். சின்ன வயதில் நான் அடித்து வளர்த்த தம்பி, அப்படியே நின்று கண்கலங்கினான்.

"அக்கா, இது அவதான். அவளே வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவள் காலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டு சமைப்பாள், துவைப்பாள், வேர்ப்பாள். ஆரஞ்சு கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். பிள்ளை மடியில் கிடந்து பால் குடிக்கும்போதெல்லாம் அந்த அடியில் தங்குகிற இனிப்பும் அவள் வேர்வையும்தான் அவன் மூக்கில் ஏறியிருக்கின்றன. புதிதாக அடித்த வாசனை அவனுக்கு யாரோ.

அதற்குப் பிறகு நான் விடியற்காலையில் எழுந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, கழுத்தில் அடித்துக்கொண்டு குமட்டலை விழுங்குவேன். நாளெல்லாம் காரில் அதைப் பழுக்க வைப்பேன். நடுவில் வீட்டுக்கு ஓடிவந்து ஒரு பாட்டில், சாயங்காலம் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. தம்பியும் அதே போல அடித்துக்கொண்டு காத்திருந்து பார்த்தான். அவன்மேல் அது கடைசிவரை கருகின சர்க்கரையாகவே இருந்தது. துரை அவன் கையில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "உனக்கு ஒட்டலடா" என்று நான் உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

தராசில் துரையின் எடை ஏறியது. டாக்டர் ட்யூப் பேச்சை விட்டுவிட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. சிக்னலில் நிற்கும்போது என் தோளை நானே மோந்து பார்த்துக்கொண்டேன். வாந்தி வரவில்லை. பிள்ளை வாசனைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் என் நெஞ்சில் தூங்கினால், கை மரத்துப்போனாலும் கீழே விடமாட்டேன். அவள் போனில் மூச்சு வாங்கப் பேசுவாள். "அண்ணி, குடிக்கிறானா?" "குடிக்கிறான், குடிக்கிறான், நீ உடம்பைப் பாரு" என்பேன். எப்படிக் குடிக்கிறான் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்கு வரும் நாளன்று தம்பி விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். "அந்த சென்ட் பாட்டிலையும் கொண்டாரச் சொன்னாக்கா. பையனைப் பார்க்கும்போது பழைய மாதிரி இருக்கணுமாம்" என்றான். நான் அதற்கு முன்பே அடித்துக்கொண்டிருந்தேன். பழக்கம். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அன்று வகுப்பு இல்லை. கூடத்தில் நடந்தேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பினேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பதுபோல நெஞ்சு அடித்துக்கொண்டது.

மதியச் சாப்பாட்டு வேளைக்கு வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். வளையல் முழங்கை வரை வழுக்கியது. வாசலில் கால் வைக்கும்போதே ஆரஞ்சு எனக்கு மண்டையில் ஏறியது. ஆட்டோவில் வரும்போது கழுத்து, கை, புடவை என்று எல்லாவற்றிலும் அடித்திருக்கிறாள். செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து கையை நீட்டினாள்.

"என் ராசா! என் தங்கம்! அம்மாடா!"

துரை அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அவள் இழுத்து அணைத்ததும் அந்த வாசனை அடித்தது. முதுகை வளைத்துக்கொண்டு கத்தினான். அவள் பாட்டிலை வைத்தாள், துப்பினான். மடி மாற்றினாள், இன்னும் கத்தினான். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை. தம்பிதான் வாங்கி என் தோளில் போட்டான். மூக்கை என் கழுத்தில் புதைத்தான், அழுகை நின்றது.

அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வெட்கம் கெட்ட சந்தோஷம்.

அவள் கிட்டே வந்தாள். என் தோளருகே மோந்தாள். முகம் செத்துப்போனது.

"மருந்து தின்னு தின்னு பால் வத்திப்போச்சு அண்ணி. இருந்தது இந்த வாசனை ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டீங்களா?"

தம்பி குறுக்கே வந்தான். "அப்படியெல்லாம் இல்லம்மா, பையன் சாப்பிடாம…"

"நீ சும்மா இருடா" என்றேன். பிள்ளையை அவன் கையில் கொடுத்தேன். அவளிடம் திரும்பினேன். "இங்க பாரு, இப்ப நீ புதுசா அடிச்சிருக்கே. அவனுக்கு இது தெரியாது. குளிக்காதே, சேலை மாத்தாதே. கூடத்துல நட, ஏதாவது வேலை செய், வேர்க்கட்டும். சாயங்காலம் குடுத்துப் பாரு."

"குடிக்கலைன்னா?"

"குடிப்பான்."

"அவன் உங்ககிட்டதான் வருவான் அண்ணி. பார்த்தேனே." அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். துணி துவைக்கிற சோப்பை எடுத்துக் கழுத்தில் தேய்த்தேன். பீர்க்கங்காய் நாரால் தோல் எரிகிற மட்டும் தேய்த்தேன். தலைக்கு ஊற்றினேன். மோந்து பார்த்தேன், திரும்பவும் தேய்த்தேன். தண்ணீர் சத்தத்தில் அழுதேன். என்ன அழுகை அது, பெற்றவள் மாதிரி. தம்பியின் சலவைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் வரை அந்த வீட்டில் யாருக்கும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அவள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள், மூச்சு வாங்க நின்றாள், மறுபடியும் நடந்தாள். பையன் பசியில் சிணுங்கினான். தம்பி ஸ்பூனும் கையுமாக அல்லாடினான். வெயில் இறங்கியதும் நான் பாட்டிலை எடுத்தேன்.

"முதல்ல நான் குடுக்கிறேன். நீ பாரு."

துரையை மடியில் போட்டேன். என்னைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான். என் கழுத்தருகே மூக்கைக் கொண்டுவந்தான். தேடினான். அந்தப் பக்கம் தேடினான், இந்தப் பக்கம் தேடினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் பாட்டிலை வைத்தேன். நாக்கால் வெளியே தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தான்.

"பார்த்தியா? எங்கிட்ட வரலை. உங்கிட்டதான் வந்துக்கிட்டிருந்தான், இத்தனை நாளும்."

அவள் கையை நீட்டினாள். வேர்த்திருந்த அவள் கழுத்தில் அவன் மூக்கு பட்டதும் அழுகை பாதியில் நின்றது. வாயைத் திறந்தான். பாட்டிலைப் பிடிக்க அவள் கையில் தெம்பில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கினேன். துரை கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் காலியாகும்வரை அவன் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.